ஊழிக்குப் பின்: ஒரு தொலைக்காட்சித் தொடரும் இரணைமடுச் சுவைஞரும்

நாடகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நாடகாசிரியரைப் பற்றியும் நடிகரைப் பற்றியுமே எழுதுகின்றனர். அரங்கின் முன்னே அமர்ந்திருந்தவரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். சுவைஞன் என்பவன் எந்நாட்டிலும் ஒருவனே, அவன் அழவேண்டிய இடத்தில் அழுவான், அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சுவான் என்றதோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பது இதற்குக் காரணமாகலாம். ஒரே தொலைக்காட்சித் தொடரை இரு வேறு கூட்டத்தாருடன் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு 2025 ஆம் ஆண்டிலே எனக்குக் கிட்டியது. ஒரு கூட்டம் பேராதனை விடுதியில் என்னுடன் வாழும் மாணவர். மற்றையது இரணைமடுவில் என் வீட்டார். இரு கூட்டமும் ஒரே காட்சிகளைக் கண்டன. ஆயினும் அவை பார்த்தது ஒரே கதையைத்தானா என்ற ஐயம் எனக்கு இன்னும் நீங்கவில்லை. அந்த ஐயத்தையே இக்கட்டுரையில் வாசகர் முன் வைக்க விழைகின்றேன்.

தொடரின் பெயர் 'த லாஸ்ற் ஒவ் அஸ்'. 'நம்மில் எஞ்சியோர்' என்று தமிழில் அதனைச் சொல்லலாம். நோட்டி டோக் என்னும் நிறுவனம் உருவாக்கிச் சோனி நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வீடியோ விளையாட்டே இதன் மூலம். அவ்விளையாட்டை எழுதிய நீல் ட்ரக்மனும், கிரேக் மேசின் என்பவரும் இணைந்து அமைத்த தொடரை எச்.பி.ஓ. நிறுவனம் 2023 ஜனவரி 15 முதல் ஒளிபரப்பியது. எறும்புகளின் உடலுள் வளர்ந்து அவற்றின் நடத்தையையே மாற்றிவிடும் ஒருவகைப் பூஞ்சணம் உண்மையில் உண்டு. அத்தகையது மனிதரைப் பற்றினால் என்னாகும் என்ற கற்பனையே கதையின் வித்து. உலகம் ஒரே வாரத்தில் குலைகிறது. தன் மகளைப் பறிகொடுத்த ஜோல் என்பவன், இருபது ஆண்டுகளின் பின், நோய் பற்றாத உடல்வாய்ந்த எல்லி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியைப் பாழடைந்த நாட்டின் ஊடாக அழைத்துச் செல்கிறான். அவளிடமிருந்து மருந்து காண முயல்வோர், அதன்பொருட்டு அவள் உயிர் போகவேண்டும் என்கின்றனர். ஜோல் அவர்களைக் கொன்று சிறுமியைத் தூக்கிச் செல்கிறான். பின்னர் நடந்ததை மறைத்து அவளுக்குப் பொய் சொல்கிறான். முதற்பருவம் அப்பொய்யுடன் முடிகிறது. 2025 ஏப்ரல் 13 இல் தொடங்கிய இரண்டாம் பருவத்தில், கொல்லப்பட்ட மருத்துவரின் மகளான அபி ஜோலைத் தேடிவந்து பழிதீர்க்கிறாள்.

அமெரிக்காவில் முதல் நாளில் 47 இலட்சம் பேர் பார்த்த இத்தொடரின் முதற்பருவ இறுதிப்பகுதியை 82 இலட்சம் பேர் பார்த்தனர் என்று நிறுவனம் அறிவித்தது. பார்த்தவர் தொகையினும் பார்த்தவர் ஆடிய சொற்போர் பெரிது. விளையாட்டை முன்னரே ஆடித் தேர்ந்தவர்கள் மூலத்தையும் தொடரையும் ஒப்புநோக்கினர். விளையாட்டிலே நோய் காற்றில் மிதக்கும் வித்திகளால் பரவும். தொடரிலோ கொடிபோன்ற இழைகளால் பரவும். இம்மாற்றம் தகுமா என்று நெடிது வாதித்தனர். வேறு சிலர், நோய் கோதுமை மாவின் வழியே பரவியது என்பதற்கான குறிப்புகளைத் துப்பறிவோர் போல முதற்பகுதியிலேயே தேடிக் கண்டுபிடித்தனர்: ஜோலின் வீட்டில் அன்று அப்பம் சுடப்படவில்லை, அயலார் கொடுத்த பிஸ்கற்றை அவன் மகள் உண்ணவில்லை என்றவாறு. மூன்றாம் பகுதியிற் பில், பிராங் என்னும் இரு ஆடவரின் காதல் சித்திரிக்கப்பட்டமைக்காக அப்பகுதிக்கு வேண்டுமென்றே குறைந்த புள்ளிகளை அள்ளி வழங்கினர் ஒரு சாரார். அதே பகுதியில் நடித்த நிக் ஒஃபர்மன் எமி விருது பெற்றார். ஜோலின் கொலை திரையில் வந்தபோது எழுந்த சீற்றமோ புதிதன்று. 2020 இல் விளையாட்டின் இரண்டாம் பாகம் வெளியானபோதே அபிக்குக் குரல் கொடுத்த நடிகை லோரா பெய்லிக்குக் கொலை அச்சுறுத்தல்கள் வந்தன. கற்பனைப் பாத்திரம் ஒன்று செய்த கொலைக்காக உயிருள்ள பெண்ணொருத்தி அச்சுறுத்தப்பட்டாள் என்பது சுவைஞர் உளவியலை ஆராய்வோர் கருத்திற் கொள்ளத்தக்கது.

எங்கள் விடுதியிலும் இவ்வாதங்கள் யாவும் சிறு அளவில் நிகழ்ந்தன. ஜோல் செய்தது சரியா என்ற வினா ஓரிரவு முழுவதும் எங்களை விழித்திருக்கச் செய்தது. மெய்யியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் நண்பர் ஒருவர், பலரின் நன்மைக்காக ஒருவரைப் பலியிடலாம் என்னும் பயன்வழிக் கொள்கையையும், மனிதரை எக்காரணத்தாலும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்னும் கான்ரின் கொள்கையையும் எடுத்துவைத்து அழகாக வாதிட்டார். வாதம் எப்பக்கம் சென்றாலும் அதன் அடியில் ஒரே வாக்கியம் இருந்தது: "அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்வேன்?" விடுதியில் மட்டுமன்று, உலகெங்கும் இத்தொடரைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இவ்வாக்கியத்தின் விரிவே எனலாம். விளையாட்டில் ஆடுவோனே ஜோலாக நின்று சுடுகிறான். அவ்வாறாகவே தொடரைப் பார்ப்போனும் தன்னை அவ்விடத்தில் நிறுத்தித் தன் துணிவையும் அன்பையும் அளந்து பார்க்கிறான். ஊழி அவனுக்கு ஒரு பரீட்சை மண்டபம்.

விளையாட்டில் 2013 இல் நிகழ்வதாக இருந்த பேரழிவைத் தொடரில் 2003 செப்ரெம்பருக்கு மாற்றியுள்ளனர். 2003 நான் பிறந்த ஆண்டு. கதையிலே உலகம் முடிந்த அவ்வாண்டு வன்னியிலோ உலகம் மீண்டும் தொடங்கிய காலம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, பூட்டிக்கிடந்த ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டிருந்தது. ஓடு வந்தது, சீமெந்து வந்தது, பற்றரி வந்தது. மரத்தடியில் நடந்த வகுப்புகள் கூரையின் கீழ்ச் சென்றன. எங்கள் வீட்டின் கற்சுவர் அவ்வாண்டில் எழுந்ததென்று அம்மா சொல்வார். எங்கள் ஊழி ஐந்தாண்டுகள் கழித்து 2008 இன் பிற்பகுதியில் வந்தது. இரணைமடுவிலிருந்து கிழக்கு நோக்கி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம்பெயர்ந்து, ஈற்றில் செட்டிகுளம் முகாமை அடைந்தோம். 2010 இல் வீடு திரும்பினோம். அப்போது எனக்கு வயது ஏழு. எனக்கு நினைவிருப்பவை துண்டுகள். வீட்டில் மூத்தோருக்கு நினைவிருப்பது முழுமை. ஆனால் அம்முழுமையை அவர்கள் எடுத்துச் சொன்னதில்லை.

ஓகஸ்ட் விடுமுறையில் நான் மடிக்கணினியில் இத்தொடரைக் கொண்டுசென்றேன். சிறுபோக நெல் முற்றியிருந்த காலம் அது. வயலால் வந்து குளித்தபின் மாமா வந்து அமர்வார். அம்மா அடுப்படி வேலை முடித்து வருவார். அம்மம்மா பாயில் இருப்பார். 2010 இற் பிறந்த தம்பி கணினிக்கு மிக அண்மையில். நான் உரையாடலைத் தமிழிற் சொல்லிக்கொண்டிருப்பேன். ஓரிரவுக்கு ஒரு பகுதி என்பது ஏற்பாடு.

முதல் வியப்பு மாவில் வந்தது. நோய் மாவில் கலந்து உலகெங்கும் பரவியிருக்கலாம் என்று ஜோல் சிறுமிக்கு விளக்கும் இடத்தை நான் மொழிபெயர்த்தேன். உலகத்துச் சுவைஞர்கள் மயிர்க்கூச்செறிந்த இடம் அது. அம்மம்மாவோ சற்றுச் சினத்துடன், "மாவையோ சொல்லுறாங்கள்? அந்த மா இல்லாட்டி நாங்கள் ஒருத்தரும் இண்டைக்கு இல்லை" என்றார். 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு நீங்கிய பின்னரும் சில மாதங்கள் நிவாரண உணவு லொறிகள் தொடராக வந்துகொண்டிருந்தன. அவற்றில் வந்த கோதுமை மாவையும் பருப்பையும் கொண்டே இலட்சக்கணக்கானோர் உயிர் வாழ்ந்தனர். தேங்காயின்றி, எண்ணெயின்றித் தகரத்தில் சுட்ட ரொட்டியின் கணக்கை அன்றிரவு அம்மம்மா சொன்னார்: ஒரு சுண்டு மாவில் எத்தனை, யாருக்குப் பாதி, யார் தனக்குப் பசியில்லை என்று பொய் சொன்னார் என்பதுவரை. திரையில் வந்த நோயாளிகளின் கோர உருவங்கள் அவரைச் சிறிதும் தொடவில்லை. மா அவரைத் தொட்டது.

மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் ஒரு காட்டோரம் எலும்புகள் கிடக்கும் குழியொன்று காட்டப்படுகிறது. இடமில்லாமையால் ஊரவரைக் கொண்டுவந்து கொன்றனர் என்பது கதை. அக்குழியிலே வண்ணக்கோலமிட்ட குழந்தைப் போர்வையொன்று கிடக்கிறது. அடுத்த காட்சியில் அதே போர்வையிற் குழந்தையைச் சுற்றிக்கொண்டு இளந்தாய் ஒருத்தி வாகனத்தில் ஏறுகிறாள். விடுதியில் இதனைப் பார்த்தபோது, காலத்தை முன்பின்னாக மாற்றிய உத்தியின் நயத்தை நண்பர் ஒருவர் பாராட்டினார், அப்பாராட்டு தகுதியானதே. வீட்டில் அம்மா "நிப்பாட்டு" என்று மட்டும் சொன்னார். அன்று நிறுத்தினோம். மறுநாள் அவரே, "மிச்சத்தைப் போடு, அந்த மனிசன் என்ன செய்தவன் எண்டு பாப்பம்" என்றார்.

'அந்த மனிசன்' பில். ஊரார் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது நிலவறையில் ஒளிந்திருந்து, தனி ஒருவனாய் ஊரை வேலியிட்டுக் காத்தவன். பின்னர் வழிதவறி வந்த பிராங்குடன் முதுமைவரை வாழ்ந்தவன். பிராங் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து ஸ்ரோபரி விதை வாங்கி, பிலுக்குத் தெரியாமல் வளர்த்து, முதற் பழத்தை அவனுக்குக் கொடுக்கும் காட்சி உண்டு. அம்மம்மா முழுத் தொடரிலும் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். துவக்கை விற்று விதை வாங்கினவனே புத்திசாலி என்பது அவரது தீர்ப்பு. ஆடவர் இருவரின் காதல் பற்றி உலகில் எழுந்த பெரும் ஆரவாரம் எங்கள் வீட்டில் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. நோயுற்ற பிராங்குடன் பிலும் சாகத் துணிந்ததைக் கண்டு, "கடைசி மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்கினம், அது எல்லாருக்கும் கிடைக்கிறேல்லை" என்று அம்மம்மா சொன்னார். அதற்குமேல் அவ்விடயத்தில் அவருக்கு வாதம் இருக்கவில்லை.

இவற்றை நோக்கியபோது, வகுப்பிற் கற்ற மெய்ப்பாட்டியல் எனக்கு நினைவில் எழுந்தது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பார். அச்சம் பிறக்கும் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இத்தொடரில் நான்கும் உண்டு: நோயுற்று உருமாறியோரை அணங்கு என்றோ விலங்கு என்றோ கொள்ளலாம், வழிப்பறிக்காரர் கள்வர், நகரங்களை மதில்கட்டி ஆளும் படையினர் இறை. தொடரை ஆக்கியோர் அச்சத்தையே முதன்மைச் சுவையாக அமைத்தனர். விடுதியில் நாங்களும் அஞ்சினோம். வீட்டிலோ அச்சம் ஏறக்குறைய இல்லை. அங்கே பிறந்தது அழுகை. அழுகையின் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. அவற்றுள் அசைவு என்பதற்கு, முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறொரு நிலைப்பட்டு வருந்துதல் என உரையாசிரியர் பொருள் காண்பர். வகுப்பில் இச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தேடி இடர்ப்பட்டோம். தகரத்தில் ரொட்டி சுட்ட கமக்காரக் குடும்பத்துப் பெண்ணைப் பாயிற் கண்டபோது எடுத்துக்காட்டு வேறு வேண்டியிருக்கவில்லை. ஒரே காட்சி ஒருவருக்கு அச்சத்தின் களனாகவும் மற்றொருவருக்கு அழுகையின் களனாகவும் அமையுமாயின், மெய்ப்பாடு காட்சியில் மட்டும் இல்லை, காண்போனிடத்தும் உள்ளது என்பது பெறப்படும்.

இடிபாடுகளைக் காணும் முறையிலும் இவ்வேறுபாடு தென்பட்டது. பொஸ்ரன் நகரத்து வானுயர் கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பசுங்கொடி படர்ந்து நிற்கும் காட்சி உலகின் பாராட்டைப் பெற்றது. கிளிநொச்சியில் ஏ-9 சாலையோரம் போரில் வீழ்ந்த பெரும் தண்ணீர்த் தாங்கி பல ஆண்டுகள் அவ்வாறே கிடந்தது. தெற்கிலிருந்து பஸ்களில் வந்தோர் இறங்கி அதன்முன் நின்று படம் எடுத்தனர். அருகே நினைவுப்பொருட் கடையும் இருந்தது. அவ்வழியாற் பள்ளிக்குச் சென்ற எங்களுக்கு அது பார்க்கும் பொருளாக இருந்ததில்லை. அது நகருக்குத் தண்ணீர் கொடுத்த தாங்கி. இடிபாடு அழகாகத் தோன்றுவதற்குச் சிறிது தூரம் வேண்டும். அத்தூரம் உள்ளவர்களைக் குறைகூற நான் வரவில்லை. தூரமே கலையின் ஒரு முதல் என்றும் வாதிடலாம். ஆனால் அருகிருந்து காண்போனின் கண்ணும் ஒரு கண்ணே.

இது வன்னிக்கு மட்டும் உரிய நிலைமையன்று. இத்தொடரை எழுதிய மேசினே 2019 இல் 'சேர்ணோபில்' என்னும் குறுந்தொடரையும் எழுதினார். 1986 இல் சோவியத் உக்ரெயினில் நிகழ்ந்த அணுவுலை விபத்து அதன் பொருள். எஞ்சியோரின் வாய்மொழிகளைத் தொகுத்த சுவெற்லானா அலெக்சியேவிச்சின் நூலுக்குத் தாம் கடன்பட்டவர் என்று அவர் கூறியுள்ளார். அத்தொடர் வெளிவந்தபோது மேலைநாட்டார் அணுவுலை வெடிப்பையும் அரசின் பொய்களையும் பற்றி எழுதினர். அந்நிலத்தில் வளர்ந்தோர் பலரோ, சமையலறைப் பாத்திரமும் பள்ளிச் சீருடையும் குப்பைவாளியும் தாம் அன்று கண்டவாறே உள்ளன என்று வியந்து எழுதினர். பேரழிவினூடு வந்தவனின் பார்வை பெரியவற்றை விட்டுச் சிறியவற்றிற் சென்று தங்குவது பொதுவியல்பு போலும். பெரியது எவ்வாறு இருந்தது என்பதை அவனுக்கு எவரும் காட்டவேண்டியதில்லை. சிறியவை சரியாக இருந்தால் மட்டுமே அவன் கதையை நம்புகிறான்.

மாமாவின் ஈடுபாடு ஆறாம் பகுதியில் உச்சம் பெற்றது. ஜக்சன் என்னும் ஊரில் எஞ்சியோர் கூடி, அணைநீரிலிருந்து மின்சாரம் எடுத்து, பள்ளிக்கூடமும் பொதுச் சமையலும் நடத்தி வாழ்கின்றனர். விடுதியில் நாங்கள் இதனைச் சண்டையில்லாத மந்தமான பகுதி என்று எண்ணினோம். மாமா அணையைக் கண்டதும் நிமிர்ந்து இருந்தார். "கதவுக்குக் கிறீஸ் பூசுறது ஆர்? இருவது வருசம் பாக்காட்டி அணை நிக்குமே?" என்று கேட்டார். கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளத்தின் கீழ் வாழ்பவர் கேட்கவேண்டிய கேள்வி அது. போரின்பின் எங்கள் குளக்கட்டு உயர்த்தப்பட்டுப் புனரமைக்கப்பட்டது; 2018 டிசம்பர் பெருமழையில் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கீழுள்ள ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஒரு குளத்தை அமைப்பது ஒருமுறை. காப்பது ஒவ்வொரு போகமும். ஊழிக்குப் பின்னான வாழ்க்கை துப்பாக்கி தாங்கி நெடுவழி நடப்பது என்று இவ்வகைக் கதைகள் எமக்குக் கற்பிக்கின்றன. மாமா அறிந்த 'பின்' வேறு: வாய்க்கால் துப்புரவு, விதைநெல்லுக்குக் கடன், கமக்காரர் கூட்டத்தில் தண்ணீர்ப் பங்கீட்டுச் சச்சரவு. மக்கள் அக்காலத்தில் ஒருவரையொருவர் கடித்துக் குதறவில்லை என்று அவர் சொன்னார். களவும் கோபமும் இருந்ததையும் மறைக்கவில்லை. ஆயினும் முன்பின் அறியாதவர்களுடன் பதுங்குகுழியைப் பகிர்ந்த நாட்களே அதிகம் என்றார்.

துன்பம் கண்டவரே சிறந்த சுவைஞர் என்று நான் நிறுவ முயல்வதாக வாசகர் கொள்ளலாகாது. அவ்வாறு கொள்வதற்குத் தம்பி தடையாக நிற்கிறான். அதே வீட்டில், அதே மண்ணில் வளர்ந்த அவன், விடுதி நண்பர்களைப் போலவே பார்த்தான். கைத்தொலைபேசியில் பப்ஜி ஆடிப் பழகிய அவனுக்கு ஜோலின் துப்பாக்கி வகைகள் மனப்பாடம். எங்கு நின்று சுட்டிருக்க வேண்டும் என்று அவன் விளக்கினான். 'நானாக இருந்தால்' என்ற வாக்கியம் அவன் வாயிலும் வந்தது. ஆகவே பார்வையை வேறுபடுத்துவது இடமன்று, நினைவு; நினைவோ தானாக அடுத்த தலைமுறைக்கு இறங்குவதில்லை, சொன்னால்தான் இறங்கும். பிலின் நிலவறையைக் கண்ட இரவில் அவன், "எங்களிட்டையும் பங்கர் இருந்ததோ அம்மம்மா?" என்று கேட்டான். அம்மம்மா 'எல்' வடிவிற் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, சேலைகளை வெட்டித் தைத்த பைகளில் மண் நிரப்பி மூடிய முறையை விளக்கி, இருந்த இடத்தையும் காட்டினார். கிணற்றடி வாழைகள் அதன்மேல்தான் நிற்கின்றன. பதினைந்து ஆண்டுகள் அவ்வாழைக்குத் தண்ணீர் ஊற்றிய வீட்டில் அது அன்றே முதன்முறை பேசப்பட்டது. வேற்று நாட்டுத் தொடரொன்றின் பயன் இதுவெனின் அப்பயன் சிறிதன்று.

எல்லாவற்றினும் ஆழமான வேறுபாடு முதற்பருவத்தின் ஈற்றில் வெளிப்பட்டது. உலகம் ஜோலின் கொலைகளைப் பற்றி வாதிட்டது. அவன் சொன்ன பொய்யை அதன் வாலாகவே கருதியது. எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். எல்லி அவனிடம் நீ சொன்னவை உண்மையெனச் சத்தியம் செய் என்று கேட்க, அவன் சத்தியம் செய்கிறான். அதனைத் தமிழிற் சொல்லி முடித்தபோது அம்மம்மா, "கொண்டதைக்கூட விடு பிள்ளை. அந்தப் பெட்டைக்கு உள்ளதைச் சொல்லியிருக்கவேணும். நல்லதுக்கெண்டு சொன்ன பொய்யாலை ஒருத்தருக்கும் நித்திரை வராது" என்றார். அதன்பின் எவரும் பேசவில்லை.

அம்மம்மாவின் கடைசி மகன், எங்கள் சின்னமாமா, 2009 மே மாதத்தின் பின் காணாமற்போனவர். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அம்மம்மாவும் பல நாட்கள் படத்தை மடியில் வைத்திருந்தவர். அதற்கு முன்னும் பின்னும், 'உங்கள் மகனை இன்ன இடத்திற் கண்டோம்' என்று சொல்லி வந்தவர் பலர். சிலர் பணத்துக்காகச் சொன்னார்கள். சிலர் கிழவியின் முகம் மலரவேண்டும் என்ற இரக்கத்தாற் சொன்னார்கள். இரண்டாம் வகையினரே தம்மை அதிகம் வருத்தினர் என்று அம்மம்மா சொல்வதுண்டு. அவர் ஜோலை அறிவார். அன்பினாற் பொய் சொல்லும் மனிதர் பலர் அவர் வீட்டு முற்றத்துக்கு வந்து தேநீர் குடித்துச் சென்றிருக்கின்றனர்.

இரண்டாம் பருவத்தில் அபி ஜோலைக் கொன்றபோது விடுதியில் ஒருவர் கணினியை மூடிவிட்டு எழுந்து சென்றார்; அபியை வெறுக்காதவர் அங்கு இல்லை. வீட்டில் அக்காட்சியை நான் தயங்கியே மொழிபெயர்த்தேன். மாமா, "கொண்டு என்ன கண்டவள்?" என்றார். அம்மம்மா நெடுநேரம் திரையைப் பார்த்திருந்து, "இவளுக்கெண்டாலும் தன்ரை தேப்பனுக்கு என்ன நடந்தது, ஆர் செய்தது எண்டு தெரியும்" என்றார். பழியை அவர் ஏற்கவில்லை, அறிவை விரும்பினார். அபி என்னும் பாத்திரத்தைப் பற்றி 2020 முதல் எழுதப்பட்டவற்றுள் நான் வாசித்தவை பல. அவளிடம் பொறாமைப்படத்தக்க ஒன்று உண்டு என்று எவரும் எழுதக் கண்டிலேன்.

இதனால் நான் பெற்ற முடிவு ஒன்று. ஊழிக்கதைகளைப் பார்ப்போர் பெரும்பாலோர் அக்கதை தம்மை நோக்கி 'நீ என்ன செய்வாய்?' என்று வினவுவதாகக் கொள்கின்றனர். ஊழியினூடாக வந்தவர் அவ்வினாவை வினாவாகவே கொள்வதில்லை. தாம் என்ன செய்தோம் என்பதை அவர்கள் அறிவர். அவர்களின் வினாக்கள் வேறு: எதை உண்டீர்கள், கதவுக்கு யார் கிறீஸ் பூசுகிறார், எஞ்சியவளுக்கு உண்மையை யார் சொல்வார்? முதல் வினா கற்பனையில் விடை காணத்தக்கது. கடைசி வினாவுக்குக் கற்பனை விடையாகாது. விடை அறிந்தவர் வாய்திறந்தாலொழிய அது விடையற்றே நிற்கும்.

நம் திறனாய்வு மரபு படைப்பாளியின் சமூகப் பின்னணியை ஆராய நன்கு பழகியுள்ளது. சுவைஞனின் பின்னணியையும் அவ்வாறே ஆராயின், நமது கிராமங்களிலும் முதியோர் பாய்களிலும் எழுதப்படாத திறனாய்வுகள் பல கிடைக்கும். அவற்றைக் கேட்டு எழுதும் பணி பல்கலைக்கழகத்தில் உள்ளோர்க்குரியது. கேட்கவேண்டியவர்கள் மூப்படைந்து வருகின்றனர். அப்பணிக்குக் காலம் அதிகம் இல்லை.